பதினொரு மணிக்கு மேல் அறை கேட்டால்



இரவு பதினொரு மணிக்கு லாட்ஜ் கவுன்ட்டர் முன்னால் பெட்டியோடு நிற்கிறவருக்குப் பேரம் பேசும் தெம்பு இருக்காது. பகலில் புடவைக் கடையில் இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிற அதே ஆள், அந்த நேரத்தில் கேட்ட வாடகையை எண்ணி வைத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வார். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார். அடுத்த விடுதி எந்தத் தெருவில் என்று தெரியாது. இதெல்லாம் கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது தை பிறந்திருக்கும். மார்கழி எப்போது முடியும் என்று காத்திருந்த கல்யாண வீட்டார் காரும் வேனுமாகக் காந்தி ரோட்டில் வந்து இறங்குவார்கள். வாசகர்களிலும் பலர் இந்தச் சமயத்தில்தான் காஞ்சிபுரம் வருகிறீர்கள். சிலர் நம் அலுவலகத்தை எட்டிப் பார்த்து, ஒரு காபி சாப்பிட்டுவிட்டுப் போகிறீர்கள். எடுத்த புடவையைப் பற்றிக் கேட்டால் பையைப் பிரித்தே காட்டுகிறீர்கள். காமாட்சி தரிசனத்தைப் பற்றிக் கேட்டால் அங்கேயே ஒரு கும்பிடு போடுகிறீர்கள். ராத்திரி எங்கே தங்கினீர்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. கூட வந்தவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, “அது கிடக்குது விடுங்க சார்” என்கிறீர்கள். அதை விடக் கூடாது என்றுதான் இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்கினேன்.

போன ஆவணியில் பினாங்கிலிருந்து என் சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். சித்தப்பா அந்தக் காலத்தில் ‘ரஜூலா’ கப்பலில் போனவர். மகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். அவன் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூறைப்புடவை தாத்தா பிறந்த ஊரில்தான் எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். திருச்சியில் விமானம் இறங்கி, வாடகைக் கார் பிடித்து, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், சிதம்பரம், திருவண்ணாமலை என்று சுற்றிக்கொண்டு கடைசியில் காஞ்சிபுரம். அவன், மனைவி, மகள், வயதான மாமியார், கூட டிரைவர். மற்றவர்களுக்கு அது வெளிநாட்டுச் சுற்றுலா. அவனுக்கு மட்டும் சொந்த ஊருக்கு வருகிற நினைப்பு. திருவண்ணாமலைக்கு அவர்கள் போன நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்திலிருந்து கார் வெளியே வரவே பொழுது சாய்ந்துவிட்டது. வந்தவாசி தாண்டி இங்கே வந்து சேர்ந்தபோது கடைகளெல்லாம் அடைத்தாயிற்று.

அறை, செல்போன் ஆப் வழியாக எப்போதோ பதிவு செய்து பணமும் கட்டியிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பையன் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம்.

“ஆதார் இருந்தா குடுங்க சார்.”

“மலேசியாக்காரனுக்கு ஏது தம்பி ஆதார்? பாஸ்போர்ட் இருக்கே.”

“நாங்க ஃபாரினர்ஸ எடுக்கறதில்ல சார்.”

“பணம் கட்டியிருக்கோமே தம்பி.”

“அத ஆப்ல கேட்டுக்கங்க சார்.”

எனக்குப் போன் வந்தது அப்போதுதான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனபோது எல்லோரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியாருக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்திருந்தது. கொடுத்தவன் அந்தப் பையன்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாதச் சம்பளத்துக்கு இராக்காவல் இருக்கிறவன், முதலாளி சொன்னதைச் சொன்னான்.

அடுத்த விடுதியில் அறை கிடைத்தது. அங்கே கவுன்ட்டருக்குப் பின்னால் வாடகைப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. கறுப்புப் பலகை, வெள்ளைப் பெயின்ட்டில் ‘டபுள் ரூம்’ என்ற எழுத்து வரைக்கும் தெரிந்தது. ரூபாய் இருக்க வேண்டிய இடத்தின்மேல் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டர் தொங்கியது. மேனேஜர் ஒரு தொகை சொன்னார். முகூர்த்த நாள் என்றார். நாலாவது ஆளுக்குத் தனி என்றார். பில் வேண்டுமென்றால் வரி தனி என்றார். ஒவ்வொன்றையும் முந்தியதற்குச் சரி சொன்ன பிறகுதான் சொன்னார். எங்கள் ஊரில் இருந்துகொண்டு நானே வாயைத் திறக்காமல் நின்றேன் என்றால், பினாங்கிலிருந்து வந்தவன் என்ன பேசுவான்?

அறையைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம், நீங்கள் பார்க்காததல்ல. ஏசி ரிமோட்டில் பேட்டரி இல்லை. கீழே போய்க் கேட்டால் டிவி ரிமோட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கதவுத் தாழ்ப்பாள் ஆடாமல் இருக்க யாரோ ஒரு புண்ணியவான் பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகி வைத்திருந்தார். நாலாவது ஆளுக்கென்று வாங்கிய காசுக்கு ஒரு கோரைப்பாயும் உறை இல்லாத தலையணையும் வந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் கல்யாண மண்டபம். வரவேற்பில் மெல்லிசைக் குழு பாடி முடித்தபோது நள்ளிரவு. பிறகு பந்தி மேசை மடக்கும் சத்தம். மூன்று மணிக்கெல்லாம் சமையல்காரர்கள் அண்டாவை உருட்டினார்கள். விடிவதற்கு முன் நாயனம் ஆரம்பித்துவிட்டது. கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர்கள் கல்யாணச் சத்தத்தைக் குறை சொல்ல முடியுமா? மாமியார் மட்டும், “யார் வீட்டுக் கல்யாணம்னாச்சும் சொல்லியிருந்தா மொய் எழுதிட்டே வந்திருப்பேன்” என்றார்.

காலையில் ரூம் பாய் ஆட்டோவோடு வந்து நின்றான். “சொசைட்டி கடைங்க, நேரா நெசவாளிகிட்டயே வாங்கிக்கலாம்” என்று கூட்டிக்கொண்டு போன இடம் தனியார் கடை. பெயர்ப் பலகை மட்டும் கூட்டுறவுச் சங்கத்தின் சாயலில் எழுதியிருந்தது. நல்லவேளை, நான் பின்னாலேயே போயிருந்தேன். இந்த ஊரில் உண்மையான கூட்டுறவுச் சங்கங்கள் பல உண்டு. அறிஞர் அண்ணா பெயரில் ஒன்று, முருகன் பெயரில் ஒன்று என்று விசாரித்துக்கொண்டு போனால் யாரும் வழிகாட்டுவார்கள். ஆட்டோவுக்குக் கடைக்காரர் கொடுக்கும் கமிஷன் புடவை விலையில்தான் ஏறும். அறையும் ஆட்டோவும் கடையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கும்போது, இராத்திரி தூங்காத ஆள் காலையில் எதையும் கேட்காமல் காசைக் கொடுத்துவிடுகிறார்.

திரும்பிப் போகும்போது அந்தப் பெண் கேட்டாள்: “பெரியப்பா, உங்க வீட்டுலயே ஒரு பாயப் போட்டிருந்தா படுத்திருப்போமே?”

கேட்க வேண்டிய கேள்விதான். பிள்ளையார்பாளையத்தில் நெசவு வீட்டுக்குள் போயிருப்பவர்களுக்குப் பதில் தெரியும். தெருவைப் பார்த்துக் குறுகலாக, பின்னால் நீளமாகப் போகும் வீடு. வாசல் தாண்டினால் கூடம். கூடத்தில் தறி. குழித்தறி என்றால் தரையிலேயே பள்ளம் வெட்டி, நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து மாலை மாலையாகத் தொங்கும் துளை அட்டைகள். இந்தப் பக்கம் படமரத்தில் சுற்றிய புடவை, அந்தப் பக்கம் சுவர் வரைக்கும் இழுத்துக் கட்டிய பாவு. கோர்வைப் புடவை என்றால் கரையை உடலோடு கோத்துக்கொண்டே வர வேண்டும். மறுபக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆளும் பக்கத்தில் உட்கார வேண்டும். மிச்சமிருக்கிற இடத்தில்தான் சமையல், படிப்பு, தூக்கம், காய்ச்சல், பிள்ளைப்பேறு எல்லாம்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் என் தம்பியின் தறி இருக்கிறது. அன்று ஏறியிருந்தது யாருடைய கல்யாணத்துக்கோ போக வேண்டிய அரக்குப் புடவை, முந்தி பாதி ஆகியிருந்தது. இரவில் வெள்ளைத் துணி போட்டு மூடிவிடுவோம். பாவில் போடுகிற கஞ்சிக்கு எலி வரும், கரப்பான் வரும். தலை எண்ணெயோ வேர்வைக் கையோ பட்டால் சரிகைக்கு ஆகாது. கால் தடுக்கி ஒருவர் பாவின்மேல் விழுந்தால் எத்தனை இழை அறுமோ, அவ்வளவையும் ஒவ்வொன்றாகப் பிணைத்தாக வேண்டும். சொந்தப் பிள்ளைகளையே அந்தப் பக்கம் ஓடாதே என்று அதட்டி வளர்க்கிற வீட்டில் விருந்தாளியை எங்கே படுக்க வைப்பது? உலகத்துக்கே கல்யாணப் புடவை நெய்து கொடுக்கிற தெருவில், கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரருக்கு ஒரு பாய் விரிக்க இடமில்லை. அதனால்தான் எங்கள் ஊரில் விருந்து வந்தால் சாப்பாடு வீட்டில், படுக்கை லாட்ஜில். நெசவு தெரியாதவர்களுக்கு இது மரியாதைக் குறைவாகத் தெரியும்.

விடுதிக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சென்னை இங்கிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர். பெரும்பாலோர் காலையில் வந்து, மூன்று கோயில் பார்த்து, இரண்டு புடவை எடுத்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வருகிற ஆட்கள் மாத வாடகைக்குச் சில அறைகளை எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற அறைகள் ஆடியிலும் மார்கழியிலும் பூட்டித்தான் கிடக்கும். வைகாசி கருட சேவை, பங்குனி உத்திரம், முகூர்த்த நாட்கள் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இரவுகளில்தான் வருடத்து வருமானத்தைப் பார்த்தாக வேண்டும். அதற்காக வாடகையை ஏற்றினால் நான் குறை சொல்ல மாட்டேன். மல்லிகைப்பூ விலையும் முகூர்த்த நாளில் ஏறத்தான் செய்கிறது. ஆனால் பூக்காரம்மா முழம் இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். கூந்தலில் வைத்த பிறகு நாருக்குத் தனி என்று கேட்பதில்லை.

2019-ஐ எங்கள் ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து எழுந்தருளிய அத்தி வரதரின் வைபவம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்தது. ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்ட் பிறந்ததும் நின்ற கோலம். 1979-க்குப் பிறகு அப்போதுதான். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்ததாக அரசுக் கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி நகரத்து மக்கள்தொகையே 1.64 லட்சம்தான். ஓரிக்கையிலும் ஒலிமுகமதுபேட்டையிலும் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போட்டார்கள். அறை வாடகை ஏறிய ஏற்றம் செய்தித்தாள்களிலேயே வந்தது. அது போதாதென்று அந்தக் கோடையில் சென்னைப் பக்கமெல்லாம் குடங்கள் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றன. எங்கள் தெருவில் ஒரு வாளி குளியல் தண்ணீருக்குக் காசு வாங்கிய வீடும் இருந்தது, திண்ணையைக் கழுவி விட்டு, பாய் போட்டு, மோரும் கொடுத்த வீடும் இருந்தது. இரண்டும் அடுத்தடுத்த வீடுகள். காசு வாங்கிய வீட்டம்மா வாசலில் சாக்கட்டியால் தொகையை எழுதிப் போட்டிருந்தார். வந்தவர்கள் அவரிடம் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை. அடுத்து அத்தி வரதர் வருவது 2059-இல். அதற்கு இப்போதே அறை பதிவு செய்ய ஆப் வந்தாலும் வரலாம்.

ஓரிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. ஓர் இரவுத் தங்கலுக்கென்றே தலபுராணம் வைத்திருக்கும் ஊர் அது. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ அரசன் நாடு கடத்தினான். சீடனோடு ஆழ்வாரும் கிளம்பினார். கிளம்பும்போது திருவெஃகாப் பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். பெருமாளும் சொன்னபடி எழுந்து பின்னால் போனார். மூவரும் அன்று இரவு தங்கிய இடம்தான் ஓரிக்கை. ஊர் இருண்டுபோய், அரசன் ஓடி வந்து காலில் விழுந்து திரும்ப அழைத்தான் என்பது கதை. சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்ற பெயர் அவருக்கு அதனால் வந்தது. சொன்னபடி நடப்பதையே திருநாமமாக வைத்துக்கொண்ட தெய்வம் இருக்கிற ஊரில், இருபத்து நாலு மணி நேரம் என்று சொல்லிச் சாவி கொடுத்த அறைக்குக் காலை பதினொன்றரைக்கே கதவைத் தட்டி, “பன்னெண்டு மணி செக்-அவுட் சார்” என்கிறார்கள். பினாங்குத் தம்பி குடும்பத்துக்கு அதுவும் நடந்தது.

அதே திருவெஃகாவில் பிறந்தவர் பொய்கையாழ்வார். திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய இடைகழியில் அவரும் வேறு இரண்டு ஆழ்வார்களும், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று இடம் பகிர்ந்துகொண்ட கதை உங்களுக்குத் தெரியும். கூடுதல் ஆளுக்குத் தனிக் கட்டணம் கேட்காத ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும், அத்தனைக்கும் நாலாவதாக நெருக்கியடித்து வந்தவர் பெருமாள்.

இரவில் வருகிறவருக்குப் பேரம் பேசும் பலம் கிடையாது என்பது நம் முன்னோருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதனால் பொறுப்பை இடம் கொடுக்கிறவர் தலையில் வைத்தார்கள், அதுவும் பயணி கிளம்புவதற்கு முன்பே. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரில் வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். ஐந்நூறு அடிகளில் பாதிக்கு மேல் வழியும் சாப்பாடும்தான். மிளகுப் பொதி சுமந்து கழுதைகள் போகும் சுங்கச் சாலை எது, எயினர் குடியில் என்ன கிடைக்கும், ஆயர் வீட்டில் பால் உண்டா, உழவர் வீட்டில் சோற்றுக்கு என்ன தொடுகறி, கரும்பு ஆலையில் சாறு கேட்டால் கொடுப்பார்களா, வலைஞர் குடியில் எந்த மீன், அந்தணர் வீட்டில் என்ன ஊறுகாய் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறான். வழியில் திருவெஃகாவைக் கும்பிட்டுவிட்டுப் போகவும் சொல்கிறான். கேட்கிற பாணன் பசியோடு கிளம்பினாலும் எந்த வாசலிலும் திகைத்து நிற்க வேண்டியதில்லை.

சீன யாத்திரிகர் யுவான் சுவாங் 640 வாக்கில் இங்கே வந்தபோதும், முன்கூட்டியே சொல்லிவிடுகிற அந்த உதவியைக் காஞ்சி அவருக்குச் செய்தது. நூறு சங்காராமங்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார், ஆகவே தங்குவதற்குக் குறைவிருந்திருக்காது. அவர் வந்தது இங்கிருந்து கடல் தாண்டி இலங்கைக்குப் போவதற்காக. அங்கிருந்து முந்நூறு பிக்குகள் வந்து இறங்கியிருந்தார்கள். அரசன் இறந்துவிட்டான், நாட்டில் பஞ்சம், போகாதீர்கள் என்று அவர்கள் சொல்ல, ஆண்டுக்கணக்கில் நடந்து வந்த மனிதர் கப்பல் ஏறாமலே வடமேற்கே திரும்பிவிட்டார். அவருக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும்! ஆனாலும் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட்டார்கள்.

சத்திரங்களின் காலத்துக்கு வந்தால், எனக்குப் பிடித்த சான்று தஞ்சாவூரில் இருக்கிறது. நாடு கும்பெனியார் கைக்குப் போன பிறகு, சத்திரங்களை மட்டுமாவது தன்னிடம் விட்டுவைக்கும்படி 1801-இல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடென்ட்டுக்கு எழுதிய கடிதம் அது. வழிப்போக்கர் எந்தச் சாதியாக இருந்தாலும் சோறு உண்டு. சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியாகக் கொடுப்பது, நோயில் விழுந்தவருக்கு வைத்தியரும் பத்தியமும், பிள்ளை பெற்றவளுக்குச் செலவும் கவனிப்பும் என்று விவரித்துக்கொண்டே போகிறார். அதில் ஒரு சின்ன ஏற்பாடு என்னை நிறுத்தியது. நள்ளிரவில் மணி அடிப்பார்களாம். அதுவரை சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து சாப்பிட வேண்டும் என்பதற்காக. பதினொரு மணிக்கு மேல் வருகிறவரை எதிர்பார்த்து ஒரு மணி தொங்கவிட்டிருந்தார்கள்!

வெள்ளைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. வட மாகாணங்களை மனத்தில் வைத்து 1867-இல் சராய் சட்டம் கொண்டுவந்தார்கள். எந்த ஓட்டலுக்குள் நுழைந்தும் இலவசமாகத் தண்ணீர் குடிக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் பெயரில் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் ஒரு செய்தி வந்திருக்கும். சட்டத்தில் இருப்பது அதுவல்ல. அறை, தாழ்வாரம், சாக்கடை, கிணறு எல்லாவற்றையும் சுத்தமாக வைக்க வேண்டும், திருடன் ஏறி இறங்க வசதியாக இருக்கும் மரக்கிளைகளை வெட்ட வேண்டும், காவலாள் போட வேண்டும் என்பவைதான் இருக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது. கட்டணப் பட்டியலை, மாஜிஸ்திரேட் சொல்லுகிற மொழிகளில், சொல்லுகிற இடத்தில் மாட்ட வேண்டும். ஜவுளிக்கடைக் காலண்டர்கள் அச்சாகும் முன்பே யோசித்திருக்கிறார்கள்.

இன்றைய சட்டத்துக்கும் வருவோம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால், விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரப் படிவத்தை இணையத்தில் அனுப்ப வேண்டும். அதற்கு விடுதி முன்னதாகப் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் பல இடங்களில் ‘ஃபாரினர்ஸ் எடுக்கறதில்ல’ என்று கையை விரிக்கிறார்கள். விவரம் கொடு என்றுதான் விதி சொல்கிறது, வெளியே அனுப்பு என்று சொல்லவில்லை. மலேசியா, சிங்கப்பூர், கனடா, பிரான்ஸ் என்று எங்கெல்லாமோ இருக்கும் தமிழர்கள் பெண் கல்யாணத்துக்குத் தேடி வருகிற ஊர் இது. புவிசார் குறியீடு வாங்கிய பட்டை உலகமெல்லாம் விற்க ஆசைப்படுகிற நாம், வாங்க வருகிறவருக்கு ஒரு படிவம் நிரப்பக் கூடாதா?

டிரைவரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த இரவு அவர் காரிலேயே, சீட்டைச் சாய்த்துக்கொண்டு, கொசுவுக்குக் கண்ணாடியை ஏற்றி, புழுக்கத்துக்கு இறக்கி, ஏற்றி இறக்கியே விடிய வைத்தார். மறுநாள் அவரை நம்பித்தான் ஐந்து உயிர் நெடுஞ்சாலையில் போனது. விடுதிகள் டிரைவர்களுக்குப் படுக்கவும் குளிக்கவும் இடம் ஒதுக்க வேண்டும் என்று 2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தியிருக்கிறது. வாடகைக் காரில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் தங்கள் அறையைப் பற்றி விசாரிக்கும்போதே இதையும் விசாரித்தால்தான் விடுதிகளுக்கு அந்த விதி ஞாபகம் வரும்.

தையில் வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆப்பில் பதிவு செய்தாலும் விடுதிக்கே ஒரு போன் போட்டுவிடுங்கள், பகலில் போடுங்கள். வரியோடு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், பழைய 12-ஐப் போட்டால் எடுத்துச் சொல்லுங்கள். அறையைக் காலி செய்ய வேண்டியது பன்னிரண்டு மணிக்கா, வந்த நேரத்திலிருந்து இருபத்து நாலு மணி நேரமா என்பதை வாயால் சொல்ல வையுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மண்டபம் இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்பார்கள், சிரித்தால் இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளையார்பாளையம் பக்கம் தங்கினால் விடிந்ததும் தறிச் சத்தம் கேட்கும். அதற்கு மட்டும் யாரிடமும் புகார் சொல்லாதீர்கள், உங்கள் புடவையாகவும் இருக்கலாம்.

பினாங்குத் தம்பி ஊர் போய்ச் சேர்ந்ததும் பேசினான். பெண் எடுத்த அரக்குப் புடவையை அங்கே எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்களாம். “அடுத்த வாட்டி வந்தா சென்னையில ரூம் போட்டுட்டுக் காலையில வந்துட்டுப் போயிடறோம்ண்ணே” என்றான். குறையாகச் சொல்லவில்லை, எனக்குச் சிரமம் வேண்டாமே என்ற பிரியத்தில்தான் சொன்னான். எங்கள் ஊர் விடுதிக்காரர்கள் நம் இதழை வாங்குகிறவர்கள்தான், சிலர் விளம்பரமும் தருகிறார்கள். அவர்கள் இந்த வரியை இரண்டு தரம் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாசி இதழில் இதைப் பற்றி வாசகர் கடிதங்கள் வெளியிட எண்ணம். காஞ்சியோ வேறு ஊரோ, உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். மோசமான இரவாக இருந்தால் விடுதியின் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதினால் போதும். நல்ல இரவாக இருந்தால் பெயரும் வாடகையும் சேர்த்தே எழுதுங்கள், அப்படியே அச்சிடுகிறோம். காணும் பொங்கல் கழிந்துதான் அலுவலகம் திறக்கும், அதற்கு முன் வருகிற தபாலைப் பக்கத்து வீட்டில் வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்